காலம் கடந்த குடியிருப்பும் நஷ்ட ஈடும்

நம் அங்கத்தினர்கள் கூடிப் பேசும் இடங்களில் அடிக்கடி எழும் முறையீடுகளுள் ஒன்று வாடகையைப் பற்றியது. “குறித்த தவணை முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார். நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுக்கலாமா?” என்று ஒருவர் கேட்கிறார். “தறியில் பாவு பாதியில் நிற்கிறது. நாளைக்கே வெளியேறு என்றால் குழித்தறியைத் தோளில் சுமந்துகொண்டா போவது?” என்று இன்னொருவர் கேட்கிறார். இருவரும் ஒரே சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர்கள். ஒரே பொதுக்கூட்டத்தில் அருகருகே அமர்பவர்கள். ஆகையால் இவ்விஷயத்தில் ஒருவர் பக்கத்தை மட்டும் எடுத்துப் பேசுவது ஒரு கூட்டுறவுப் பத்திரிகைக்கு அழகாகாது. அதற்காக, இருவருக்கும் இனிக்கும்படி ஏதோ சொல்லி நழுவிவிடுவதும் முறையன்று.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தவணை கடந்தும் பிறர் இடத்தில் இருப்பவர் அதற்கு ஈடு கொடுத்தே தீரவேண்டும். அந்த ஈடு, உரிமையாளர் உண்மையில் இழந்த பயனுக்கு அளவாக இருக்கவேண்டும். ஒரு குடும்பத்தை நொறுக்கும் தண்டனையாக மாறிவிடக்கூடாது. அதைக் கேட்பவரும் தம் பங்குக் கடமைகளை முன்னதாகச் செய்து முடித்திருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வீட்டுக்காரர் யார்?

வீட்டுச் சொந்தக்காரர் என்றவுடன் பட்டணத்தில் பத்து மாளிகைகளை வைத்துக்கொண்டு வாடகையில் வாழும் செல்வரின் உருவமே பலர் மனத்தில் தோன்றுகிறது. நம் சங்கங்களின் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் அத்தகையவர் அல்லர். கணவர் காலமானபின், முன்கட்டைத் தறிக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பின்கட்டில் காலம் தள்ளும் மூதாட்டி ஒருவர். மகளின் திருமணத்திற்குப் பின் காலியான ஒரு பகுதியை விட்டுவைத்திருக்கும் நெசவாளர் ஒருவர். விளைச்சல் இல்லாத மாதங்களில் தம் கிடங்கை மண்டி வியாபாரிக்கு விடும் விவசாயி ஒருவர். இவர்களே நம் வீட்டுக்காரர்கள். இவர்களுக்கு ஒரு மாத வாடகை நின்றுபோவது அடுப்பு எரியுமா என்ற கேள்வி. குறித்த நாளில் கிடங்கு கைக்கு வராமற் போவது, அறுத்த மஞ்சளையும் உரித்த கடலையையும் எங்கே வைப்பது என்ற கேள்வி.

குடியிருப்பவரும் அவ்வாறே. அலுவலகத்துக்குச் செல்பவர் ஒரு பெட்டியும் படுக்கையும் எடுத்துக்கொண்டு வேறு வீடு போய்விடலாம். நெசவாளி அப்படிப் போக முடியாது. குழி தோண்டத் தரை இசைய வேண்டும். தறியின் நீளத்துக்குக் கூடம் வேண்டும். தெருவில் பாவு ஓட இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குழியில் ஈரம் ஊறி, தெருவில் பாவுக்குக் கஞ்சி போட வெயில் இன்றி, வேலையே மந்தமாக இருக்கும். அந்தச் சமயத்தில் வேறு வீட்டுக்கு முன்பணம் திரட்டுவது எளிதான காரியமா? ஏழைக்கும் ஏழைக்கும் இடையில் நிகழும் வழக்கு இது என்பதை மறந்துவிட்டுச் சட்டத்தைப் பேசினால் நாம் பிழை செய்தவர்களாவோம்.

சட்டத்தின் அடிப்படை

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றளவும் நடைமுறையில் உள்ளது. குடிக்கூலி உறவு முடிந்தவுடன், இடத்தை உரிமையாளர் வசம் ஒப்படைப்பது வாடகைதாரரின் கடமை என்று அதன் 108ஆவது பிரிவு விதிக்கிறது. ஒப்பந்தத்தில் தவணை குறித்திருந்தால், அத்தவணை கழிந்ததும் உறவு தானே முடிகிறது. தவணை குறிக்காமல் மாதவாடகையாக விட்டிருந்தால், 106ஆவது பிரிவின்படி 15 நாள் அறிவிப்புக் கொடுத்து முடிக்கவேண்டும். வாய்ப்பேச்சாக, “அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது அறிவிப்பு ஆகாது. எழுத்தில், கையொப்பத்துடன், பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்தவேண்டும்.

உறவு முடிந்த நாளுக்குப்பின் குடியிருப்பவர் கொடுக்கவேண்டியதற்கு ‘வாடகை’ என்ற பெயர் பொருந்தாது. அது பிறர் சொத்தை உரிமையின்றி அனுபவித்ததற்கான ஈடு. பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. இந்தப் பெயரில்தான் பலருடைய வழக்கு தோற்கிறது. தவணை முடிந்தபின்னும் உரிமையாளர் மாதந்தோறும் பழைய ரசீதுப் புத்தகத்திலேயே ‘வாடகை வரவு’ என்று எழுதிக் கொடுத்து வந்தால், அவர் தொடர்ந்து குடியிருக்கச் சம்மதித்தார் என்று வாதிட இடமுண்டாகிறது. சம்மதம் நிரூபிக்கப்பட்டால், 116ஆவது பிரிவின்படி உறவு மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும். பின்னர் முதலிலிருந்து அறிவிப்புக் கொடுக்கவேண்டியதுதான். ஆகவே பணத்தைப் பெறுகிறவர், “தவணை முடிந்தபின் உபயோகித்ததற்கான ஈட்டில் ஒரு பகுதியாக, என் உரிமைக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொண்டேன்” என்று ரசீதில் எழுதவேண்டும். இந்த ஒரு வரி பல மாதங்களின் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஈட்டின் அளவு என்ன?

1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. உரிமையின்றி ஒரு சொத்தை வைத்திருப்பவர் அதிலிருந்து உண்மையில் பெற்ற ஆதாயம், அல்லது சாதாரண முயற்சியுடன் பெற்றிருக்கக்கூடிய ஆதாயம், அதற்கான வட்டி ஆகியவையே இடைக்கால ஆதாயம் என்பது அச்சட்டத்தின் விளக்கம். வைத்திருப்பவர் தம் செலவில் செய்த அபிவிருத்தியால் விளைந்த ஆதாயம் இதில் சேராது. அதாவது, குடியிருப்பவர் தம் பணத்தில் தளம் போட்டு, ஜன்னல் வைத்து, அதனால் வீட்டின் மதிப்பு உயர்ந்திருந்தால், அந்த உயர்வைக் காட்டி அவரிடமே அதிகம் கேட்க முடியாது. இது எவ்வளவு நியாயமான விதி என்பதை நம் அங்கத்தினர்கள் உணரவேண்டும்.

இவ்வளவுகோலின்படி, பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய வாடகையோடு ஈடு நின்றுவிடுவதில்லை. அதே தெருவில் அதேபோன்ற வீடு இன்று என்ன வாடகைக்குப் போகும் என்பதே கேள்வி. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆத்மாராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு இதனை நன்கு விளக்குகிறது. புதுடில்லியில் கன்னாட் சர்க்கஸ் வட்டாரத்துக் கடை ஒன்றின் மாத வாடகை ரூ. 371.90. வெளியேற்ற உத்தரவு பிறந்தபின், மேல்முறையீடு செய்த வாடகைதாரர் அந்த உத்தரவுக்குத் தடை கேட்டார். மாதம் ரூ. 15,000 கட்டினால்தான் தடை என்று வாடகைத் தீர்ப்பாயம் நிபந்தனை விதித்தது. உயர் நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. வெளியேற்ற உத்தரவு பிறந்த நாளிலிருந்து பழைய வாடகை என்ற நிழலில் ஒதுங்க முடியாது, வேறொருவருக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையே அளவு என்பது அத்தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டையே காலங்கடத்தும் கருவியாகக் கொள்பவர்களுக்கு இது தக்க கடிவாளம்.

ஆயினும், சந்தை வாடகை இவ்வளவு என்று மனுவில் எழுதிவிட்டால் போதாது. நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. அக்கம்பக்கத்து வீடுகளின் ஒப்பந்தங்கள், ரசீதுகள், அங்கே குடியிருப்போரின் சாட்சியம் ஆகியவை வேண்டும். இவை இல்லாதபோது நீதிமன்றம் குறைந்த தொகையையே ஒப்புக்கொள்ள நேரும். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பாக்கியைக் கேட்கக் காலவரம்புச் சட்டம் இடந்தராது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். “பாவம், போகட்டும்” என்று ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒரு நாள் சண்டை வந்ததும் ஐந்தாண்டுக் கணக்கையும் நீட்டுவது பயனற்றது.

பன்மடங்கு ஈடு

தமிழகத்தில் 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சுமார் அறுபது ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. வீடு கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில் குடியிருப்போரைக் காப்பதற்காகப் பிறந்த சட்ட வரிசையில் அது ஒன்று. அதனால் பல ஏழைகள் காக்கப்பட்டனர் என்பது உண்மை. அதே நிழலில், சிறு வாடகை கொடுத்துக்கொண்டு பெருங்கடை நடத்தியோரும் உண்டு என்பதும் உண்மை. 2019 பிப்ரவரி 22 முதல் அச்சட்டம் நீங்கி, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறங்களைக் கருதி இயற்றப்பட்ட இச்சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும் என்று கூறுகிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் வழக்கமான வாடகைக்கு மேற்பட்ட ஈடு தரவேண்டும் என்றும் விதிக்கிறது.

2021 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்த எண்ணத்துக்குத் திட்டமான கணக்குக் கொடுத்துள்ளது. முதல் இரண்டு மாதங்களுக்கு வாடகையைப்போல் இரண்டு மடங்கு. அதற்குப்பின் காலி செய்யும்வரை நான்கு மடங்கு. இது மாநிலங்கள் பின்பற்றுவதற்காக அளிக்கப்பட்ட மாதிரி.

இதனை ஒரு கணக்கால் பார்ப்போம். மாத வாடகை ரூ. 4,000 என்று கொள்வோம். எட்டு மாதங்கள் கூடுதலாக இருந்துவிட்டார். முதல் இரண்டு மாதங்களுக்கு மாதம் ரூ. 8,000 வீதம் ரூ. 16,000. அடுத்த ஆறு மாதங்களுக்கு மாதம் ரூ. 16,000 வீதம் ரூ. 96,000. மொத்தம் ரூ. 1,12,000. இதே வீடு இன்றைய சந்தையில் ரூ. 6,000க்குப் போகும் என்று வைத்துக்கொண்டு, முன்சொன்ன இடைக்கால ஆதாய முறையில் கணக்கிட்டால், எட்டு மாதங்களுக்கு வட்டி நீங்கலாக ரூ. 48,000. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ரூ. 64,000. இந்த அறுபத்து நாலாயிரம் இழப்புக்கு ஈடன்று. பயமுறுத்தலுக்கு வைத்த விலை.

பயமுறுத்தல் முற்றிலும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வழக்கைப் பத்து ஆண்டுகள் இழுத்தாலும் அதே வாடகைதானே என்ற துணிவு வசதி படைத்தோருக்கு இருந்துவந்தது. கடைத்தெருவில் கொழுத்த லாபம் பார்த்துக்கொண்டே காலி செய்ய மறுப்பவரிடம் நான்கு மடங்கு கேட்பதில் தவறில்லை. அவரிடம் பணம் இருக்கிறது. வேறிடம் தேடும் வசதியும் இருக்கிறது. அவர் செய்வது ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய’ கதை.

கூலிக்கு நெய்யும் ஒரு குடும்பத்தின்மீது அதே ஏணிக் கணக்கை வைத்தால் என்ன ஆகும்? அந்தக் குடும்பம் கொடுக்காது, கொடுக்க முடியாது. தீர்ப்பைக் கையில் வாங்கிய வீட்டுக்காரர் அதை நிறைவேற்றிக்கொள்ளப் போனால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். கைவினைஞரின் தொழிற்கருவிகள், உழவரின் ஏர்க் கருவிகள், பிழைப்புக்கு இன்றியமையாத மாடுகள், விதைத் தானியம், கூலியாளின் கூலி ஆகியவற்றைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்று அப்பிரிவு காக்கிறது. நெசவாளியின் கைத்தறி இந்தக் காப்புக்குள் அடங்கவேண்டியதே. நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் இயற்றியோர், உழைப்பவன் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினால் கடனும் திரும்பாது, அவனும் பிழைக்கமாட்டான் என்று உணர்ந்திருந்தனர். ஆகவே ஏழைமீது பெற்ற லட்ச ரூபாய்த் தீர்ப்பு நீர்மேல் எழுதிய எழுத்தாகவே நிற்கும். அதைப் பெறுவதற்கு வீட்டுக்காரர் செலவிட்ட முத்திரைக் கட்டணமும் வழக்கறிஞர் கூலியும்தான் மெய்யானவை.

சிலர் ஒப்பந்தத்திலேயே, “காலி செய்யத் தவறினால் நாள் ஒன்றுக்கு ரூ. 1,000 தரவேண்டும்” என்று எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, அவ்வாறு குறித்த தொகையை ஓர் உச்சவரம்பாக மட்டுமே கொள்கிறது. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். பெரிய எண்ணை எழுதிவைத்தால் பெரிய தொகை வரும் என்பது வீண் நம்பிக்கை.

வீட்டுக்காரரின் கடன்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். குடியிருப்பவர் காலி செய்யாமல் இருப்பதற்குப் பிடிவாதம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் அவருடைய முன்பணம் வீட்டுக்காரர் கையில் இருந்து கரைந்துபோயிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தாலன்றி அவருக்கு வேறு வீடு கிடைக்காது. முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, காலி செய்யவில்லை என்று ஈடு கேட்பது எவ்விதத்தில் நியாயம்? பெரிய முன்பணம் வாங்குவதே இந்தக் குழப்பத்துக்கு வித்து. மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று வரையறுத்திருப்பது இதனால்தான்.

ஒத்தி வீடுகளின் நிலை இதனினும் வேறு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையின்றி, தொகை திரும்பும்வரை இடத்தை அனுபவிப்பது ஒத்தி. முறையாக எழுதிப் பதிவு செய்த அனுபோக அடமானமாக அது இருந்தால், பணம் திரும்பும்வரை இடத்தை வைத்திருக்கும் உரிமை அவருக்கு உண்டு. மூன்று ஆண்டுத் தவணை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அவரைக் காலங்கடந்து இருப்பவர் என்று கூறுவது பொருந்தாது. ஒத்தித் தொகையை ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் வீட்டைக் கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்புடன் சொல்லவேண்டும். கோபம் மிகுந்து, தண்ணீர்க் குழாயை அடைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது ஆகியவற்றில் சில வீட்டுக்காரர்கள் இறங்குகிறார்கள். 1960ஆம் ஆண்டின் சட்டமும் இவ்வாறு வசதிகளைத் துண்டிப்பதைத் தடுத்தது. 2017ஆம் ஆண்டின் சட்டமும் தடுக்கிறது. காலம் கடந்தவரானாலும் அவரைச் சட்டத்தின் வழியே அன்றி வெளியேற்றலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த மறுநாளே நியாயம் கட்சி மாறிவிடுகிறது. ஈடு கேட்டுப் போனவர் ஈடு கொடுக்கும் நிலைக்கு வந்து சேருவார்.

குத்தகை நிலம் வேறு

விவசாய அங்கத்தினர்கள் வீட்டு வாடகைச் சட்டத்தை அப்படியே வயலுக்கும் பொருத்திப் பார்ப்பதுண்டு. அது பெரும் பிழை. 1955ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வேறு நோக்கமுடையது. தம் உடலுழைப்பாலும் குடும்பத்தாரின் உழைப்பாலும் பயிரிடுபவரைத் தவணை முடிந்தது என்ற ஒரே காரணத்தால் அகற்ற முடியாது. குத்தகை ஒப்பந்தம் முடிந்தபின் தொடர்ந்து நிலத்தை வைத்திருப்பவரும் ‘சாகுபடி குத்தகைதாரர்’ என்ற சொல்லிலேயே அடங்குவர் என்று அச்சட்டம் விளக்கம் கூறுகிறது. குத்தகைப் பாக்கி, நிலத்துக்குக் கேடு விளைத்தல், வேறு காரியத்துக்குப் பயன்படுத்துதல், உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் போன்ற காரணங்களைக் காட்டி வருவாய்க் கோட்ட அதிகாரியிடமே செல்லவேண்டும். வீட்டில் குற்றமாகக் கருதப்படும் காலங்கடந்த இருப்பு, வயலில் பாதுகாக்கப்படுவது ஏன் என்றால், நிலம் உழுபவனின் உழைப்பை ஆண்டுதோறும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. இந்த வேறுபாடு சரியானதே என்பது நம் எண்ணம்.

கிடங்கின் செய்தி வேறு. அது கட்டடம். தை மாதத்தில் தம் மகசூலுக்குத் தேவை என்று தெரிந்தே ஒரு விவசாயி கிடங்கை வியாபாரிக்கு விடுகிறார். வியாபாரி மூட்டைகளை அகற்றவில்லை. விளைச்சல் களத்தில் பனியில் நனைந்து விலை குறைந்துபோகிறது. இந்த நஷ்டத்தைக் கிடங்கின் வாடகைக் கணக்கில் கேட்டால் கிடைப்பது அரிது. ஆனால் ஒப்பந்தம் செய்யும்போதே, தவறினால் இத்தகைய நஷ்டம் நேரும் என்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவின்கீழ் அதைக் கேட்க வழியுண்டு. ஆகவே, “என் சொந்த மகசூலை வைக்க இன்ன தேதியில் இக்கிடங்கு தேவை” என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு ஒரு மகசூலின் மதிப்பு உண்டு.

சங்கத்தின் கட்டடங்கள்

பல சங்கங்கள் தம் கட்டடத்தின் முன்பகுதியைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கின்றன. தவணை முடிந்தும் கடைக்காரர் நீங்காவிட்டால், கூட்டுறவுப் பதிவாளரிடம் தாவா போட்டு எளிதில் முடித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகிகள் எண்ணக்கூடும். 1968ஆம் ஆண்டில், மகாராட்டிரச் சட்டத்தின்கீழ் எழுந்த டெக்கான் மெர்ச்சன்ட்ஸ் கூட்டுறவு வங்கி வழக்கில், வங்கிக்கும் அதன் கட்டடத்தில் குடியிருந்தவருக்கும் இடையிலான தாவா வங்கியின் ‘தொழில்’ பற்றிய தாவா அன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் கொடுப்பதும் துணி விற்பதும் சங்கத்தின் தொழில். மிஞ்சிய அறையை வாடகைக்கு விடுவது அதில் சேராது. ஆகவே சங்கமும் மற்ற வீட்டுக்காரரைப் போலவே எழுத்து ஒப்பந்தம், முறையான அறிவிப்பு, உரிய நீதிமன்றம் என்ற வழியில்தான் போகவேண்டும். அங்கத்தினர்களின் பங்குப் பணத்தில் எழுந்த கட்டடம் அது. பழைய வாடகையிலேயே அதை ஒருவர் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்க விடுவது தாராளம் ஆகாது. அது கடமையில் தவறுவது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் தம் நிர்வாகிகளிடம், “நம் கட்டடத்தின் ஒப்பந்தங்கள் எந்தத் தேதி வரை உள்ளன?” என்று கேட்பது நன்று.

செய்யவேண்டியவை

குறைகளைச் சொல்லிவிட்டு வழி சொல்லாமல் விடுவது நம் வழக்கமன்று. ஒவ்வொரு சங்கமும் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தை எளிய தமிழில் அச்சிட்டு அலுவலகத்தில் வைக்கட்டும். தவணை, வாடகை, முன்பணம், முன்பணம் திரும்பும் நாள், காலி செய்யத் தவறினால் மாதத்துக்குத் தரவேண்டிய ஈடு ஆகிய ஐந்தும் அதில் தெளிவாக இருக்கட்டும். நம்மவர்களுக்குள் அந்த ஈடு, அத்தெருவின் அன்றைய வாடகையும் அதற்குமேல் கால் பங்கும் என்று இருந்தால் போதும் என்பது நம் யோசனை. அது உரிமையாளரின் இழப்பை நிரப்பும். குடியிருப்பவருக்குத் தாமதம் லாபமாகாதபடியும் செய்யும். ஓராண்டுக்கு மேற்பட்ட தவணையானால் பத்திரம் பதிவாகவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நெசவாளர் வீடுகளைப் பொறுத்தவரை, தவணையின் கடைசி நாளை மழைக்காலத்தில் வைக்கலாகாது. தறியிலிருக்கும் பாவு தீரும்வரை ஓர் அவகாசம், அந்த அவகாசத்துக்குப் பழைய வாடகையே என்று ஒரு விதி சேர்க்கலாம். பாவு தீர்ந்ததா இல்லையா என்பதில் ஐயம் எழுந்தால், சங்கத்து நூல் கணக்கே சாட்சி சொல்லும். புதுப் பாவு வாங்கி ஏற்றிக்கொண்டு அவகாசத்தை நீட்டுவது யோக்கியமான செயலன்று என்பதை நெசவாளர் தாமே ஒப்புவர்.

பிணக்கு முற்றுமுன் இரு தரப்பாரும் நம்பும் மூவரைக் கொண்ட ஒரு சமரசக் குழுவைச் சங்கம் அமைக்கலாம். அங்கே முடிவானதை வட்டச் சட்டப் பணிகள் குழுவின் மூலம் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, அங்கே சம்மதத்தின் பேரில் பிறக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நிலுவையிலிருந்த வழக்கானால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். இதே சட்டம் பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை அளிக்கிறது. முன்கட்டை வாடகைக்கு விட்டிருக்கும் மூதாட்டி வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று அஞ்சவேண்டுவதில்லை.

வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன சொல். ஆயினும் வழக்குக்கு அஞ்சி உரிமையை விட்டுவிடவேண்டும் என்று அதற்குப் பொருளன்று. தவணை முடிந்தால் இடத்தை ஒப்படைப்பது, கடன் வாங்கிய நூலைத் துணியாகத் திருப்பித் தருவதைப் போன்ற நாணயம். அந்த நாணயத்தின்மீதுதான் நம் சங்கங்கள் நிற்கின்றன. தவறியவரிடம் அளவான ஈட்டைத் தயக்கமின்றிக் கேளுங்கள். கேட்குமுன் அவருடைய முன்பணத்தை எண்ணி எடுத்து வையுங்கள். குடியிருப்பவரும், தாம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு குடும்பத்தின் உலையில் கைவைக்கிறது என்பதை உணரட்டும்.